நால்வர் தூக்கிய கட்டில்

(நம் பங்கின் பொன்விழாவை முன்னிட்டு நடைபெற்ற குடும்ப மாநாட்டில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



கீற்றுக் கொட்டகையில் முதல் திருப்பலி கண்ட நம் பங்கு இன்று பொன்விழாக் காண்கிறது. இறைவனுக்கு நன்றி. விழாக் குழுவினர் நம்மைக் ‘குடும்பம்’ என்ற பொருளில் பேசப் பணித்தார்கள். குடும்பத்தின் மேன்மையைப் பற்றி நமக்கு முன் பேசியவர்கள் அழகாகப் பேசிவிட்டார்கள். ஆகவே நாம் யாரும் தொட விரும்பாத ஒரு மூலையை எடுத்துக் கொள்கிறோம். குடிநோயும் மனநோயும் ஒரே மனிதனிடம் சேர்ந்து வந்துவிட்டால் அந்த வீடு என்ன செய்வது? எங்கே போவது? இதுவே நம் பொருள். விழா மேடையில் இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். நள்ளிரவில் பங்கு வீட்டுக் கதவு தட்டப்படுவது பெரும்பாலும் இதற்காகத்தான் என்பது தட்டியவர்களுக்கும் நமக்கும் தெரியும்.

மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை நினைவுகூருங்கள். திமிர்வாதக்காரன் ஒருவனை நால்வர் கட்டிலோடு தூக்கி வருகிறார்கள். வாசலில் கூட்டம், உள்ளே நுழைய வழியில்லை. அவர்கள் திரும்பிப் போய்விடவில்லை. கூரையைப் பிரித்து, ஆண்டவர் முன் அவனை இறக்கினார்கள். அந்த நால்வரின் பெயர் நற்செய்தியில் இல்லை. ஆனால் அவர்களுடைய விசுவாசத்தை ஆண்டவர் கண்டார் என்று எழுதியிருக்கிறது. நோயாளி ஒருவன், அடைபட்ட வாசல் ஒன்று, தூக்கிச் செல்லும் நால்வர். இம்மூன்றையும் மனத்தில் வைத்துக் கொண்டு, நாம் சொல்லப் போகும் சம்பவத்தைக் கேளுங்கள்.

இப்பங்கிற்கு வருமுன் நாம் பணியாற்றிய ஓர் ஊரில் கொத்தனார் ஒருவர் இருந்தார். நல்ல வேலைக்காரர். கோயில் சுற்றுச்சுவரில் பாதி அவர் கட்டியது. காலையில் கை நடுக்கம் நிற்கவே அவருக்குச் சாராயம் வேண்டும் என்ற நிலை. விபூதிப் புதனன்று அவருடைய மனைவி அவரைக் கோயிலுக்கு அழைத்து வந்தார். “சாமி, நீங்க வேதப் புத்தகத்து மேல சத்தியம் வாங்குங்க. உங்க வார்த்தைக்குக் கட்டுப்படுவாரு” என்றார். நாமும் பீடத்தின் முன் நிறுத்திச் சத்தியம் வாங்கினோம். அவர் அழுதார். அன்றே குடியை நிறுத்தினார். நாமும் பெருமைப்பட்டோம்.

மூன்றாம் நாள் இரவு ஆள் வந்தது. அவர் உடலெல்லாம் வியர்த்து, நடுங்கி, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று அலறுகிறார். பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியவில்லை. பேய் பிடித்துவிட்டது என்றது ஊர். நாமும் தீர்த்தத்தோடு போய்ச் செபித்தோம். செபித்தது தவறல்ல. செபித்துவிட்டுப் பொழுது விடியட்டும் என்று காத்திருந்தோமே, அதுதான் தவறு. விடியுமுன் வலிப்பு வந்தது. அதன் பிறகே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். உயிர் தப்பியது டாக்டர்களின் திறமையாலும் தேவ கிருபையாலுமே அன்றி, நம் மதியால் அல்ல.

அன்று நாம் கற்றதை இன்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் கடும் நடுக்கம், காய்ச்சல், இல்லாததைக் காணுதல், புத்தி தடுமாற்றம் ஆகியவை வரலாம். கவனியாது விட்டால் மரணமும் நேரலாம். ஆஸ்பத்திரியில் சேர்த்து, நரம்பை அமைதிப்படுத்தும் மருந்தும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக் கொள்வார்கள். ஆகவே சத்தியம் வாங்குமுன் டாக்டரிடம் காட்டுங்கள். பீடத்தின் முன் கொடுக்கும் வாக்குறுதி மனத்துக்குப் பலம்; நரம்புக்கு மருந்து வேறு.

கொத்தனாரின் கதை அங்கே முடியவில்லை. குடியை விட்டு ஒரு மாதமாகியும் அவர் முகத்தில் வெளிச்சமில்லை. தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, தன்னால் யாருக்கும் பயனில்லை என்ற ஒரே பேச்சு. குடிக்கத் தொடங்கு முன்பே, இளவயதிலேயே, அவர் இப்படி மாதக் கணக்கில் மூலையில் கிடந்ததுண்டு என்று அவருடைய தாயார் அப்போதுதான் சொன்னார். அந்த இருளைத் தாங்க முடியாமல்தான் மனிதர் குடியைப் பிடித்திருக்கிறார். குடி போனதும் இருள் மட்டும் எஞ்சி நின்றது. பத்து வாரத்தில் மீண்டும் குடித்தார்.

மனநோய் பார்க்கும் ஓர் இடத்துக்கு அழைத்துப் போனோம். “முதலில் குடியை நிறுத்திவிட்டு வாருங்கள்” என்றார்கள். குடியை நிறுத்தும் ஓர் இல்லத்துக்குப் போனோம். “இவருக்கு மனநோய் இருக்கிறது, அதைக் குணப்படுத்திவிட்டு வாருங்கள்” என்றார்கள். ஏழு மாதம் இவ்விரு வாசல்களுக்கும் நடுவே அந்தப் பெண் அலைந்தார். நாமும் கடிதம் கொடுத்து அனுப்பினோமே தவிர, கூடப் போகவில்லை. அடுத்த தவக்காலம் வருமுன் அவர் தம் உயிரைத் தாமே போக்கிக் கொண்டார். கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுக்கலாமா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். கடும் மனவேதனையும் மனநோயும் இச்செயலில் மனிதனின் பொறுப்பைக் குறைக்கின்றன என்று 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூலே போதிக்கிறது. முழுச் சடங்கோடும் அடக்கம் செய்தோம். அந்தக் குழியின் அருகே நின்றபோது, நால்வரில் ஒருவராக நாம் இருந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மைக் குத்தியது, இன்றும் குத்துகிறது.

அன்பர்களே, இவ்விரு நோய்களும் ஏன் சேர்ந்து வருகின்றன? ஒன்று: பயத்தையும் துயரத்தையும் தூக்கமின்மையையும் மறக்கச் சிலர் குடிக்கிறார்கள். இரண்டு: குடியே மூளையைத் தாக்கிச் சோர்வையும் சந்தேகத்தையும் உண்டாக்குகிறது, கஞ்சா இளவயதினர் சிலருக்குப் புத்தி பேதலிக்கவே வழி செய்கிறது. மூன்று: பரம்பரையும் சிறுவயதில் பட்ட அடியும் இரண்டுக்கும் பொது வேராக இருக்கின்றன. எது முந்தியது என்று வீட்டார் சண்டையிட்டுப் பயனில்லை. ஒன்றை விட்டு மற்றொன்றைப் பார்த்தால், விட்டது வந்து பார்த்ததைக் கெடுத்துவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே குழுவினர் பார்க்க வேண்டும் என்பதே இன்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட முறை. குடி நின்ற பின் சில வாரம் கவனித்து, எஞ்சியிருப்பது என்ன நோய் என்று டாக்டர் தீர்மானிப்பது உண்டு. ஆனால் அந்தச் சில வாரமும் நோயாளி அவருடைய பார்வையில் இருக்க வேண்டும், தெருவில் அல்ல.

இது பாவமா, வியாதியா என்று கேட்கிறீர்கள். சீன நாட்டில் மாற்கு ஜி தியான்சியாங் என்ற வைத்தியர் வயிற்று நோய்க்காக அபின் உட்கொண்டு அதற்கு அடிமையானார். ஏறத்தாழ 30 ஆண்டுகள் அவருக்குத் திருவருட்சாதனங்கள் மறுக்கப்பட்டன. ஆனாலும் அவர் கோயிலை விடவில்லை. 1900இல் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தார். 2000ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைப் புனிதராக உயர்த்தினார். அவருடைய காலத்துக் குருக்களுக்குத் தெரியாதது இன்று நமக்குத் தெரியும். தெரிந்த பின்னும் திட்டி விரட்டினால் குற்றம் நம்முடையதாகும்.

அடைபட்ட வாசலுக்குக் கூரையைப் பிரித்தவர்களும் திருச்சபையில் உண்டு. அமெரிக்காவில் ஏக்ரன் நகரில் 1935இல் இரண்டு குடிநோயாளிகள் சேர்ந்து ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கத்தைத் தொடங்கினார்கள். அக்காலத்தில் குடிகாரனைச் சேர்க்க ஆஸ்பத்திரிகள் தயங்கின. அங்கே புனித தோமையார் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பதிவு செய்யும் வேலையில் இருந்தவர் சகோதரி இக்னேஷியா. 1939இல் ஒரு குடிநோயாளியை ‘இரைப்பை அழற்சி’ என்று பதிவேட்டில் எழுதிச் சேர்த்துக் கொண்டார். அவரும் ஒரு காலத்தில் நரம்புத் தளர்ச்சியால் படுத்த படுக்கையாய் இருந்து எழுந்தவரே. தாம் பட்ட வேதனை பிறர் வேதனையைக் காண அவருக்குக் கண் கொடுத்தது.

நம் நாட்டிலும் வாசல்கள் திறந்து வருகின்றன. சென்னையில் குடிநோய்க்கென டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் 1980இல் தோன்றியது. மனச்சிதைவு நோயாளிகளுக்கென டாக்டர் சாரதா மேனன் 1984இல் ‘ஸ்கார்ஃப்’ நிறுவனத்தைத் தொடங்கினார். மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் நாட்டில் முதலில் தொடங்கிய நான்கு மாவட்டங்களுள் நம் திருச்சியும் ஒன்று. 2025இல் தமிழக அரசு ‘கலங்கரை’ என்ற பெயரில் ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களை அரசு ஆஸ்பத்திரிகளில் தொடங்கியது. 2017இல் நிறைவேறிய மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனக்கோளாறையும் மனநோய் என்றே கணக்கிடுகிறது. ஆகவே “குடிகாரன் எங்கள் பொறுப்பல்ல” என்று இனி ஓர் அரசு மனநலப் பிரிவு சொல்ல நியாயமில்லை. அப்படியிருந்தும், 2019இல் வெளியான மத்திய அரசின் ஆய்வறிக்கைப்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றிருந்தார்; 180 பேருக்கு ஒருவரே உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டிருந்தார். வாசல் இருந்தும் கட்டிலைத் தூக்க ஆளில்லை என்பதுதானே இதன் பொருள்?

ஆகவே வீட்டாருக்குச் சில வார்த்தைகள். ஓர் இல்லத்தில் சேர்க்குமுன் இவற்றைக் கேளுங்கள்: மனநல டாக்டர் இங்கே நேரில் வந்து பார்க்கிறாரா? குடிக்கும் மனநோய்க்கும் சேர்த்தே வைத்தியம் உண்டா? அரசாங்கப் பதிவு உண்டா? நாங்கள் வந்து பார்க்கலாமா? வீட்டுக்கு வந்த பின்னும் கவனிப்பீர்களா? அடிப்பதும் கட்டிவைப்பதும் வைத்தியமே அல்ல. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் சங்கிலியோடு கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகியதை மறக்கலாமா? சங்கிலியிடுவதை மேற்சொன்ன சட்டமும் தடை செய்கிறது.

டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். குடிக்காமல் இருந்த நாட்களில் அவர் எப்படி இருந்தார், குடும்பத்தில் வேறு யாருக்கு இந்நோய் இருந்தது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், சாவைப் பற்றிப் பேசினாரா என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். சாவைப் பற்றிப் பேசினால் மிரட்டல் என்று தள்ளாதீர்கள். அன்றே அழைத்துப் போங்கள். அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கும் ‘குடியை மறக்கும் மருந்து’ வேண்டவே வேண்டாம். அதன்மேல் குடித்தால் உயிருக்கே ஆபத்து. ஏ.ஏ. கூட்டத்துக்குப் போகிறவர், கூட்டத்தில் எவரோ சொன்னார் என்று மனநோய் மாத்திரையை நிறுத்த வேண்டாம். தியானத்துக்குப் போகிறவரும் அப்படியே. வைத்தியனையும் மருந்தையும் படைத்தவர் ஆண்டவரே என்று சீராக் ஆகமத்தின் 38ஆம் அதிகாரம் போதிக்கவில்லையா? வழி தெரியாவிட்டால் மனநல ஆலோசனைக்கு 14416, போதை மீட்புக்கு 14446 என்ற எண்களைக் கூப்பிடலாம், கட்டணமில்லை. வலிப்போ புத்தித் தடுமாற்றமோ கண்டால் தாமதியாமல் 108.

இனி பங்குக்கு ஒரு வார்த்தை. மூன்று ஆண்டுகளுக்கு முன் நம் மக்களில் ஒரு வாலிபருக்கு இதே இரட்டை வியாதி வந்தது. அவருடைய சம்மதத்தோடு சொல்கிறோம்; யார் என்று தேட வேண்டாம். இம்முறை கடிதம் கொடுத்து அனுப்பவில்லை. வின்சென்ட் தே பவுல் சபையார் இருவர், ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவர், நாம் ஒருவர், ஆக நால்வர் கூடப் போனோம். முதல் இடத்தில் முடியாது என்றார்கள். இரண்டாம் இடத்தில் சேர்த்துக் கொண்டார்கள். அதன் பிறகு இரண்டு முறை வழுக்கி விழுந்தார். இரண்டு முறையும் யாரும் ஏசவில்லை. மறுபடி அழைத்துப் போனோம். இன்று வேலைக்குப் போகிறார். மாத்திரையும் சாப்பிடுகிறார். பூரண குணமா என்று கேட்டால், சர்க்கரை வியாதிக்காரர் போல் கவனத்தோடு வாழ்கிறார் என்று சொல்வோம். அவருடைய தாயார் இப்போது இரவில் தூங்குகிறார், அது போதாதா?

பொன்விழா நினைவாகக் கோபுரத்துக்கு வர்ணம் பூச நன்கொடை சேர்ந்திருக்கிறது. பூசுவோம். ஆனால் ஒரு பங்கை எடுத்து வைத்து, இப்படிப்பட்ட நோயாளிக்குப் பஸ் கட்டணமும் கூட இருப்பவருக்குச் சாப்பாடும் கொடுக்க வேண்டும் என்று நிதிக்குழுவைக் கேட்டுக் கொள்கிறோம். அன்பியத்துக்கு நால்வர் வீதம் பெயர் கொடுங்கள். படித்தவராக இருக்க வேண்டியதில்லை. தோள் கொடுக்கவும், கண்டதை வெளியே பேசாமல் வாயை அடக்கவும் தெரிந்தால் போதும். நம் பெயரை முதற் பெயராக எழுதிக் கொள்ளுங்கள்.

கட்டிலைத் தூக்கிய நால்வரை நோக்கிய அதே இரக்கத்தோடு ஆண்டவர் நம் பங்கையும் நோக்குவாராக. தேவதாய் நம் இல்லங்களைக் காப்பாராக. ஆமென்.