வட்டியை மட்டும் பார்க்காதீங்க, நிபந்தனையையும் படிங்க!



நிலம் வாங்கப் போனா முதல்ல என்ன கேட்போம்? மூலப்பத்திரம் இருக்கா, வில்லங்கச் சான்று பார்த்தாச்சா என்றுதானே? ஆனா ஒரு கம்பெனி என்.சி.டி. எனப்படும் கடன் பத்திரம் வெளியிட்டா, "வட்டி எவ்வளவு?" என்ற ஒரே கேள்வியோட பணத்தைப் போட்டுடறோம்.

ஒண்ணு தெளிவா தெரிஞ்சுக்கோங்க. இது வங்கி டெபாசிட் இல்லை. வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. கடன் பத்திரத்துக்கு அது கிடையாது. இங்கே நீங்க கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர். ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் உங்க உரிமை.

இதில் மூணு தரப்பு உண்டு: கம்பெனி, நீங்க, நடுவில் டிபெஞ்சர் டிரஸ்டி. பொதுமக்களுக்குக் கடன் பத்திரம் வெளியிடும் கம்பெனி டிரஸ்டியை நியமிச்சே ஆகணும் என்கிறது 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம். ஆயிரக்கணக்கான பேர் தனித்தனியா கம்பெனி வாசலில் போய் நிற்க முடியாதில்லையா? பிணைச் சொத்தைக் கண்காணிப்பதும், பணம் வராவிட்டால் உங்க சார்பில் நடவடிக்கை எடுப்பதும் டிரஸ்டியின் வேலை. அவருடைய அதிகாரம் டிரஸ்ட் டீடில் எழுதப்பட்டிருக்கும். பத்திரம் வைத்திருப்பவர் அதைப் பார்வையிடலாம். கட்டணம் செலுத்தி நகலும் வாங்கலாம்.

விண்ணப்பிக்கும் முன் புராஸ்பெக்டஸில் மூணு விஷயம் தேடுங்க:

1. பிணை உண்டா? கம்பெனி திவாலானால் பிணையுள்ள பத்திரக்காரர்களுக்குப் பிறகுதான் பிணையில்லாதவர்களுக்கு. பங்குதாரர்கள் கடைசி.

2. கம்பெனி முன்கூட்டியே பணத்தைத் திருப்பித் தந்து பத்திரத்தை முடிக்கலாமா? அதே உரிமை உங்களுக்கும் உண்டா?

3. எதை 'தவறுதல்' என்று எழுதியிருக்காங்க? அதன் பிறகு டிரஸ்டி என்ன செய்யணும்?

ஒரு வரி என்ன செய்யும் என்பதற்கு உதாரணம், யெஸ் வங்கி. 2020 மார்ச்சில் அதன் 8,415 கோடி ரூபாய் ஏ.டி.1 பத்திரங்கள் மொத்தமாகத் தள்ளுபடி செய்யப்பட்டன. வங்கி நெருக்கடியில் சிக்கினால் அசலையே நீக்கலாம் என்பது அந்த வகைப் பத்திரத்தின் நிபந்தனை. 2023இல் மும்பை உயர் நீதிமன்றம் தள்ளுபடியை ரத்து செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அத்தனை பேரின் சேமிப்பும் ஒரு நிபந்தனையில் தொங்கியது.

புராஸ்பெக்டஸில் பொய்த் தகவல் இருந்து நஷ்டம் ஏற்பட்டால் இழப்பீடு கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. வட்டியோ அசலோ வரவில்லையா? முதலில் கம்பெனிக்கும் டிரஸ்டிக்கும் எழுதுங்க. பதில் திருப்தி இல்லைன்னா செபியின் 'ஸ்கோர்ஸ்' இணையதளத்தில் புகார் பதியலாம். விவரம் கேட்க, கட்டணமில்லா எண் 1800 22 7575.

ஏஜென்ட் வாயால் சொன்னது ஒப்பந்தம் ஆகாது. "அது எந்தப் பக்கத்தில் இருக்கு, காட்டுங்க" என்று கேளுங்க. கேட்பது உங்க உரிமை.