நாடகப் பாடகர் விசுவநாத தாஸ்



இத்தாலி நாட்டில் ஆபெரா என்றொரு நாடக வகை உண்டு. அதிலே பாத்திரங்கள் வாழ்த்துவதும், வைவதும், மடிவதும் பாட்டாகவே நிகழும். பெண்டிரின் உச்சக் குரலுக்கு அங்கே சொப்ரானோ என்று பெயர். 1842-ஆம் ஆண்டு மார்ச்சு 9-ஆம் நாள், மிலான் நகரத்து லா ஸ்காலா அரங்கில், வெர்டி என்பார் இசையமைத்த 'நபுக்கோ' முதன்முதல் அரங்கேறியது. அதில் தலைமைப் பெண் பாத்திரம் ஏற்றவர் ஜியுசெப்பினா ஸ்திரெப்போனி என்ற சொப்ரானோ. வயது இருபத்தாறுதான்; ஆயினும் ஓயாது பாடிப் பாடி அப்போதே அவர் குரல் நைந்திருந்தது. சில ஆண்டுகளில் மேடையை விட்டு நீங்கினார். 1859-இல் வெர்டியையே மணந்தார்.

அந்நாடகத்தில், பாபிலோனில் சிறைப்பட்ட யூதர்கள் தம் தாயகத்தை நினைந்து பாடும் பாட்டொன்று வரும். மிலான் அன்று ஆஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்தது. யூதர் பாடிய பாட்டைப் பின்னாளில் இத்தாலியர் தம் விடுதலைப் பாட்டாகவே கொண்டனர்.

பழங்கதையைப் பாடி நிகழ்காலத்தைச் சுட்டும் இந்த வித்தையை நம் பக்கத்தவர் ஒருவரும் செய்தார். அதற்காகச் சிறையும் புகுந்தார். அவர்தாம் விசுவநாத தாஸ். 1886-இல் சிவகாசியில் பிறந்தவர். சிவகாசி என்றதும் உங்களுக்குப் பட்டாசும் தீப்பெட்டியும் அச்சகமும் நினைவுக்கு வரும். அவர் பிறந்த நாளில் இவற்றில் எதுவும் இல்லை. தீப்பெட்டித் தொழிலே 1923-இல்தான் அங்கே காலூன்றியது. திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு வறண்ட பூமி அன்று அது. தாஸ் பின்னர் வாழ்ந்தது மதுரையை அடுத்த திருமங்கலத்தில்.

அக்காலத்துத் தமிழ் நாடகமும் ஒருவகை ஆபெராவே. சங்கரதாஸ் சுவாமிகள் போன்ற ஆசிரியர்கள் பாட்டாலேயே நாடகம் கட்டினார்கள். ராஜபார்ட்டு ஓர் ஊர், ஸ்திரீபார்ட்டு ஓர் ஊர், பபூன் ஓர் ஊர்; குறித்த நாளில் வந்து கூடி, ஒத்திகையின்றி விடிய விடிய நடத்துவார்கள். 'ஸ்பெஷல் நாடகம்' என்பது அதற்குப் பெயர். ஒலிபெருக்கி கிடையாது. ஆர்மோனியத்தையும் மிருதங்கத்தையும் மீறி, கொட்டகையின் கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரர் காதிலும் சொல் தெளிவாக விழவேண்டும். அதற்காகவே நடிகர்கள் சுருதியை ஏற்றிப் பாடினர். இக்காலத்தில் மேடைக்கு ஆறு ஒலிவாங்கி வைத்தும் பாடலின் சொல் நமக்குப் புரிவதில்லை, அது நிற்க.

தாஸ் ராஜபார்ட்டு நடிகர். 'வள்ளி திருமணம்' அவருக்குப் பெயர் தந்த நாடகம். அதில் தினைப்புனக் காட்சி உண்டு; பறவைகளை ஓட்டிப் பாடும் இடம். அங்கே வெள்ளைக் கொக்கொன்று பறப்பதைப் பற்றி அவர் பாடுவார். மதுரகவி பாஸ்கரதாஸ் முதலியோர் மேடைக்கென்று தேசியப் பாடல்களை எழுதிக் குவித்த காலம் அது. வெள்ளைக் கொக்கு யார் என்று கொட்டகையிலிருந்த எழுத்தறியாதவருக்கும் விளங்கியது. காவல் துறைக்கும் விளங்கியது. புனத்தில் கொக்கைப் பற்றிப் பாடுவதில் குற்றம் என்ன என்று கேட்கலாம். ஆனால் 1876-ஆம் ஆண்டு நாடக நிகழ்ச்சிச் சட்டம் அரசின் கையில் இருந்தது. அவர் இருபத்தொன்பது முறை சிறை சென்றதாகக் கூறுவர். ஒவ்வொரு முறை வெளிவந்தபோதும் அதே கொக்கு மறுபடி பறந்தது!

இவ்வளவில் புகழ்ந்து முடிக்க எனக்கு மனம் வரவில்லை. தாஸ் மருத்துவர் குலத்தவர். அதாவது, ஊரார் நாவிதர் என்று ஒதுக்கிய குலம். அந்தக் காரணத்தாலேயே அவருடன் வள்ளியாக நடிக்க மறுத்த நடிகையரும் இருந்தனர். முருக வேடத்தில் நின்றபோது கைகூப்பித் தொழுத மக்கள், வேடம் கலைந்ததும் சாதி பார்த்தனர். வெள்ளையன் தந்த சிறையைவிட இது எளிய தண்டனை என்று நான் நினைக்கவில்லை. சிறைக்கு முடிவு நாள் உண்டு.

கடைசி ஆண்டுகளில் வறுமை அவரைச் சூழ்ந்தது. கடனில் வீடு மூழ்கும் நிலையில், ஆங்கில அரசுக்கு ஆதரவாகப் பாடினால் கடனைத் தீர்த்து வைப்பதாக அரசுத் தரப்பிலிருந்து சொல்லப்பட்டது என்றும், அவர் மறுத்துவிட்டார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். நாடகம் ஒன்றே பிழைப்பாக இருந்தவர், உடல் நலிந்தும் வேடம் கட்டினார்.

1940 டிசம்பர் 31-ஆம் நாள் இரவு, சென்னை ராயல் தியேட்டரில் 'வள்ளி திருமணம்'. திரை உயர்ந்தது. மயில்மீது முருகனாக அமர்ந்து தாஸ் பாடிக்கொண்டிருந்தார். பாட்டு நடுவிலே நின்றது. மயில்மீது இருந்தபடியே அவர் உயிர் பிரிந்துவிட்டது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு.

திருமங்கலத்தில் அவர் பெயரால் நினைவு இல்லம் ஒன்று இருக்கிறது. விருதுநகரிலிருந்து மதுரைக்குப் போகும் வழியில்தான் அவ்வூர்.