எந்தக் கணினி வேகமானது? அளந்து பார்ப்போம்

(ஆசிரியர் பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளிக்குக் கணினி வாங்குவது என்றால், தலைமையாசிரியர் நம்மில் ஒருவரை அழைத்து, "சார், இதில் எது நல்லது?" என்று கேட்பார். மேசையில் இரண்டு விலைப்புள்ளிகள் இருக்கும். ஒன்றில் ஐ5, மற்றொன்றில் ஐ7. ஏழு பெரியது, விலையும் கூடுதல், ஆகவே அதுதான் வேகமானது என்று முடிவு செய்துவிடுகிறோம். அந்தப் பணம் முன்னாள் மாணவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்துக் கொடுத்ததாக இருக்கலாம். அதை ஒட்டுவில்லையில் உள்ள எண்ணை நம்பிச் செலவிடலாமா?

உண்மையான ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 2016இல் வந்த மடிக்கணினிச் செயலி ஐ7-7500யு. அடிப்படை வேகம் 2.7 ஜிகாஹெர்ட்ஸ். அடுத்த ஆண்டு வந்தது ஐ5-8250யு. அடிப்படை வேகம் 1.6 ஜிகாஹெர்ட்ஸ்தான். பெயரிலும் எண்ணிலும் முதலாவதே பெரியது. ஆனால் அதில் இருப்பவை இரண்டு கோர்கள், ஐ5இல் நான்கு. காணொலியைச் சுருக்கும் வேலையைக் கொடுத்தால் ஐ5 தெளிவாக முந்தும். பழைய மடிக்கணினிகளைப் புதுப்பித்து விற்கும் கடைகளில் இவ்விரண்டையும் அருகருகே பார்க்கலாம்.

அப்படியானால் எதை வைத்து ஒப்பிடுவது? நான் பரிந்துரைப்பது காணொலி என்கோடிங், அதாவது காணொலியைச் சுருக்கிக் கோப்பாக்கும் வேலை. நாம் பாடக் காணொலி தயாரிக்கும் ஒவ்வொரு முறையும் கணினி இதைத்தான் செய்கிறது.

அது எவ்வளவு பெரிய வேலை என்று கணக்கிடுவோம். 1920 × 1080 அளவுள்ள ஒரு படச்சட்டத்தில் 20,73,600 புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் என்றால் ஏறத்தாழ 62 இலட்சம் பைட். நொடிக்கு 24 சட்டங்கள் என்றால் ஏறத்தாழ 15 கோடி பைட். பத்து நிமிடப் பாடம் சுருக்கப்படாமல் இருந்தால் ஏறத்தாழ 90 ஜி.பி. ஆகும். அதைச் சில நூறு எம்.பி.க்குள் கொண்டுவர, செயலி ஒவ்வொரு சட்டத்தையும் முந்தையதோடு ஒப்பிட்டு, மாறாத பகுதிகளைக் கண்டறிந்து, மாறியதை மட்டும் பதிய வேண்டும். எல்லாக் கோர்களும் பல நிமிடங்கள் ஓய்வின்றி உழைக்கும். செயலியின் உண்மையான வலு அப்போது வெளிப்படும்.

செய்முறை எளிது. 'ஹேண்ட்பிரேக்' என்ற கட்டணமில்லா மென்பொருளின் ஒரே பதிப்பை இரு கணினிகளிலும் நிறுவுங்கள். 'பிக் பக் பன்னி' என்ற சுமார் பத்து நிமிட அனிமேஷன் படம் இணையத்தில் கிடைக்கும். 2008இல் திறந்த உரிமத்தோடு வெளியான படம் அது, யாரும் பயன்படுத்தலாம். அதன் ஒரே கோப்பை இரண்டிலும் கொடுத்து, ஒரே அமைப்பில் ஓட்டுங்கள். முடிவில் மென்பொருளின் பதிவேட்டில், நொடிக்குச் சராசரியாக எத்தனை சட்டங்கள் முடிந்தன என்பது இருக்கும். மும்முறை செய்து நடு மதிப்பை எடுங்கள்.

இங்கே கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, குறியாக்கி. பட்டியலில் எக்ஸ்264 என்பதை இரண்டிலும் தேர்ந்தெடுங்கள். ஒன்றில் இதையும் மற்றொன்றில் 'குவிக் சிங்க்' போன்ற வன்பொருள் குறியாக்கியையும் தேர்ந்தெடுத்தால், வேறு வேறு வேலைகளை ஒப்பிட்டதாகிவிடும். வன்பொருள் குறியாக்கி மிக விரைவாக முடிக்கும். ஆனால் அதே தெளிவுக்குக் கோப்பு பெரும்பாலும் பெரிதாகும்.

இரண்டாவது, அமைப்பு. 'வெரி ஃபாஸ்ட்' என்று வைத்தால் வேலை சீக்கிரம் முடியும். 'ஸ்லோ' என்றால் நேரமெடுத்து நன்றாகச் சுருக்கும். ஆகவே நேரத்தை மட்டும் குறித்தால் போதாது. வெளிவந்த கோப்பின் அளவையும் படத்தின் தெளிவையும் பாருங்கள். இரு கணினிகளிலும் அவை ஏறத்தாழ ஒன்றாக இருந்தால்தான் நேரத்தை ஒப்பிடுவதில் பொருள் உண்டு. இதில் நம் மாணவரின் நலனும் இருக்கிறது. நாம் ஐந்து நிமிடம் மிச்சப்படுத்தி இருமடங்கு பெரிய கோப்பை அனுப்பினால், அந்தச் சுமை அப்பாவின் கைபேசியில் உள்ள ஒரு நாள் டேட்டாவின் மீது விழும்.

மூன்றாவது, வெப்பம். மடிக்கணினி சூடானால் செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் முப்பது விநாடிச் சோதனையில் சமமாக இருப்பவை பத்தாவது நிமிடத்தில் வேறுபடலாம். இரண்டையும் மின் இணைப்பில் வைத்து, ஒரே அறையில், பிற செயலிகளையெல்லாம் மூடிவிட்டு ஓட்டுங்கள்.

கிடைத்த எண்களைப் படிப்பதிலும் நல்ல கணக்குப் பாடம் இருக்கிறது. 14,400 சட்டங்கள் உள்ள காணொலியை 'அ' கணினி 12 நிமிடத்தில் முடிக்கிறது, 'ஆ' கணினி 8 நிமிடத்தில் முடிக்கிறது என்று கொள்வோம். வேகம் முறையே நொடிக்கு 20, 30 சட்டங்கள். நேரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வேகமோ 50 விழுக்காடு கூடியது. விளம்பரத்தில் எந்த எண்ணைப் போடுவார்கள் என்று மாணவர்களிடம் கேளுங்கள். இன்னொன்று: ஒரே கணினி, சம நீளமுள்ள இரு காணொலிகளில் ஒன்றை 20 சட்ட வேகத்திலும் மற்றொன்றை 30 சட்ட வேகத்திலும் முடித்தால் சராசரி 25 அன்று. 28,800 சட்டங்களை 1,200 நொடிகளால் வகுத்தால் 24. போகும்போது ஒரு வேகம், திரும்பும்போது ஒரு வேகம் என்ற பழைய கணக்கேதான்.

இந்த அளவீடு எல்லாவற்றுக்கும் விடை தராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எமிஸ் தளம் மெதுவாகத் திறக்கிறது என்றால் அதற்கு இணைய இணைப்பு காரணமாக இருக்கலாம். கணினியை இயக்கியதும் திரை வரத் தாமதமானால் பழைய ஹார்டு டிஸ்க்கைப் பாருங்கள், எஸ்.எஸ்.டி. மாற்றினாலே போதுமானதாக இருக்கலாம். கடிதம் தட்டச்சு செய்ய மட்டுமே கணினி என்றால் காணொலி வேகத்துக்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. நம் பள்ளியில் நாள்தோறும் நடக்கும் வேலை எதுவோ, அதுவே நமக்குரிய சோதனை.

இரு தொட்டிகளில் செடி வைத்து, ஒன்றை வெயிலிலும் ஒன்றை நிழலிலும் வளர்க்கச் சொல்கிறோம். மண்ணும் நீரும் விதையும் ஒன்றாக இருக்க வேண்டும், ஒளி மட்டுமே மாற வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். கணினியை ஒப்பிடும்போதும் அதே விதிதான். செயலி மட்டும் மாறட்டும், மற்றவை மாறாதிருக்கட்டும். ஆய்வகத்தில் உள்ள இரண்டு கணினிகளை வைத்து ஒரு பாடவேளையில் மாணவர்களே இதைச் செய்து அட்டவணைப்படுத்தலாம். அடுத்த முறை தலைமையாசிரியர் எது நல்லது என்று கேட்கும்போது, அந்த அட்டவணையை அவரிடம் கொடுங்கள். கடைக்காரரிடமும் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.