தாதியாகப் பதிவு பெற்ற பிறகு: முதல் ஐந்து வருடங்கள்

(நூற்றாண்டு விழாவையொட்டி உயர்தர மாணவியருக்கும் பழைய மாணவியருக்கும் நடத்தப்பட்ட தொழில் வழிகாட்டல் அமர்வில் ஆற்றிய உரை)



தாதியர் தொழிலைப் பற்றிப் பேச ஒரு டொக்டர் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். நியாயம்தான். இந்த இடத்தில் நிற்க வேண்டியவர் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்த ஓர் அக்கா. இப்போது இங்கிலாந்தில் தாதியாக வேலை செய்கிறார். லீவு கிடைக்கவில்லை. "என் கதையைச் சொல்லு, பெயரை மட்டும் சொல்லாதே" என்றார். அப்படியே செய்கிறேன்.

அக்கா பால் வெட்டும் தோட்டத்தில் பிறந்தவர். நான் கொழுந்துத் தோட்டம். எங்கள் அம்மாமார் காலத்தில் லயத்துப் பிள்ளை ஒன்று நேர்ஸாக வருவதற்குப் படிப்பு மட்டும் போதாது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. பிரஜையாக இல்லாதவருக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. 1964இல் ஓர் ஒப்பந்தம், 1988இல் ஒரு சட்டம், 2003இல் இன்னொரு சட்டம் என்று அந்தக் கதவு முழுதாகத் திறக்க 55 வருடம் போயிற்று. அக்கா தாதியாகப் பதிவு பெற்றதும் அதே 2003இல்தான். ஆகவே நீங்கள் நிரப்பப்போகும் விண்ணப்பப் படிவத்தைச் சாதாரணக் கடதாசி என்று நினைக்காதீர்கள்.

முதலில் பதிவைப் பற்றி. வர்த்தமானி அறிவித்தலைப் பார்த்து, உயர்தர விஞ்ஞானப் பிரிவுப் பெறுபேற்றுடன் விண்ணப்பித்து, அரச தாதியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்று வருடம் படிப்பது ஒரு வழி. இரத்தினபுரியிலேயே அப்படி ஒரு கல்லூரி இருக்கிறது. வெட்டுப்புள்ளி கிடைத்தால் யாழ்ப்பாணம், பேராதனை, ஸ்ரீ ஜயவர்த்தனபுர போன்ற பல்கலைக்கழகங்களில் தாதியர் பட்டப்படிப்பு இன்னொரு வழி. எந்த வழியில் போனாலும் முடிவில் இலங்கைத் தாதியர் சபையில் பதிவு கிடைக்க வேண்டும். டவுனில் ஆறு மாத "நேர்ஸிங் கோர்ஸ்" என்று பலகை தொங்கும். அம்மாவின் தோடு அடகுக்குப் போகும். முடிவில் கிடைப்பது உதவியாளர் வேலை. பத்து வருடம் உழைத்தாலும் அது தாதிப் பதிவாக மாறாது. அந்த வேலையும் மரியாதையான வேலைதான். ஆனால் எது என்று தெரிந்து சேருங்கள். "இதை முடித்தால் தாதியர் சபையில் பதியலாமா?" என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

இனி முதல் நியமனம். அக்காவுக்கு ஒரு பெரிய வைத்தியசாலையில் மருத்துவ வாட்டு கிடைத்தது. கட்டிலில் இருவர், கீழே பாயில் ஒருவர். எலிக்காய்ச்சல், பாம்புக்கடி, நெஞ்சுநோ எல்லாம் ஒரே வாட்டில். பயிற்சியில் படித்தது ஒன்று, இரவு இரண்டு மணிக்கு நடப்பது வேறொன்று. எட்டாவது மாதம், "என்னால் முடியாது, தனியார் வைத்தியசாலைக்குப் போகிறேன்" என்று அழுதிருக்கிறார். இது அக்காவுக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. மார்லின் கிரேமர் என்ற அமெரிக்கத் தாதி 1974இலேயே இதைப் பற்றி ஒரு நூல் எழுதி, அதற்கு "யதார்த்த அதிர்ச்சி" என்று பெயரும் வைத்துவிட்டார். பத்து வருடம் கழித்து பெட்ரீசியா பெனர் என்பவர், ஒரே வகையான வேலையில் இரண்டு மூன்று வருடம் நின்ற பிறகுதான் ஒரு தாதி தகுதி நிலைக்கு வருகிறார் என்று எழுதினார்.

அக்கா இந்த நூல்களைப் படித்திருக்கவில்லை. வாட்டுப் பொறுப்புத் தாதி, "இன்னும் ஆறு மாதம் நில்லு மகள், பிறகு நானே கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன்" என்று சொன்னதால் நின்றார்.

நான்கு வருடம் கழித்து அதே வாட்டுக்கு நான் உள்ளகப் பயிற்சி டொக்டராகப் போனேன். ஒரு பின்னேரம் குளவி கொட்டிய ஓர் அம்மாவைக் கொண்டுவந்தார்கள். அப்போது இன்னொரு நோயாளிக்கு வலிப்பு. நான் அங்கே நின்றேன். அந்த அம்மா, "தொண்டை அடைக்குது தாயி" என்று மெதுவாகச் சொல்லியிருக்கிறார். கூட வந்தவர்கள் வலி என்று நினைத்தார்கள். அக்கா இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, நான் வருமுன்பே ஒட்சிசனை வைத்து, அட்ரினலினை ஊசியில் எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டு என்னைக் கத்திக் கூப்பிட்டார். தொடைத் தசையில் போட்டோம். அந்த அம்மா மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனார். எட்டாவது மாதத்தில் அக்கா போயிருந்தால் அன்று அந்த இடத்தில் யார் நின்றிருப்பார்கள் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

இதற்காக, எங்கே போட்டாலும் அடங்கிக் கிடங்கள் என்று நான் சொல்லவில்லை. அவமதிப்பும் தொந்தரவும் உள்ள இடத்தில் நிற்கத் தேவையில்லை. அதை எழுத்தில் முறையிட்டு மாறுங்கள். களைப்பினால் வரும் வெறுப்பு வேறு. நைட் டியூட்டி முடிந்த காலையில் இராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள். இரண்டு நாள் நித்திரை கொண்ட பிறகும் அதே எண்ணம் இருந்தால் மூத்த ஒருவரிடம் பேசுங்கள்.

மாறும்போது மூன்று கேள்வி கேளுங்கள். புதிய இடத்தில் எதைக் கற்பேன்? அது எழுத்தில் கிடைக்குமா? பழைய இடத்தின் கதவு மூடாமல் வருகிறேனா? அக்கா அப்படித்தான் மாறினார். ஐந்தாவது வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கேட்டுப் போனார். வேலை செய்துகொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டம் படித்தார். சேவையிலுள்ள தாதியருக்காக 1994இலிருந்தே அந்தப் படிப்பு நடக்கிறது. ஊருக்குக் கிட்ட வருவதற்கு வருடாந்த இடமாற்றமும், ஆள் கிடைத்தால் பரஸ்பர இடமாற்றமும் இருக்கின்றன. எந்த வாட்டில் எத்தனை மாதம், என்ன பயிற்சி, யார் பொறுப்பு என்று ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வாருங்கள். ஒவ்வோர் இடத்தையும் விடும்போது அனுபவக் கடிதம் வாங்குங்கள். பிறகு அலைந்தால் கிடைக்காது.

வெளிநாடு பற்றி எல்லோரும் கேட்பீர்கள். வளைகுடா நாடுகள் பெரும்பாலும் அனுபவக் கடிதமும் சான்றிதழ்ச் சரிபார்ப்பும் ஒரு கணினிப் பரீட்சையும் கேட்கும். இங்கிலாந்தில் ஆங்கிலப் பரீட்சை, கணினிப் பரீட்சை, பிறகு அங்கே போய்ச் செய்முறைப் பரீட்சை. ஆங்கிலத்துக்கு ஐ.ஈ.எல்.டி.எஸ். எடுத்தால் வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 வேண்டும். அக்கா எழுத்தில் இரண்டு தடவை தவறினார். மூன்றாம் தடவை எடுத்தார். முகவர் என்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கிலாந்து வேலைக்கு ஆட்சேர்ப்புக் கட்டணம் என்று தாதியிடம் காசு கேட்பது அந்த நாட்டின் ஆட்சேர்ப்பு ஒழுக்கக்கோவைக்கே முரண். அக்கா முதல் தடவை ஒருவரிடம் காசு கொடுத்து ஏமாந்தவர். அதையும் சொல்லச் சொன்னார். அரச சேவையில் இருப்பவர்கள் லீவு அனுமதி கையில் கிடைக்காமல் விமானம் ஏறாதீர்கள். பதவியை விட்டு விலகியதாகக் கடிதம் வந்தால் சேவைக்காலமும் ஓய்வூதியமும் போய்விடும். பயிற்சிக்குச் சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையும் ஒரு தடவை எடுத்து வாசியுங்கள்.

போகிறவர்கள் போகட்டும், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இங்கே நிற்பதும் ஒரு தெரிவு என்பதை மறக்க வேண்டாம். 2007 ஜூலைக்குப் பிறகு அரச சேவையில் சேருகிறவர்கள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டும் என்பது விதி. கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் வளர்ந்த உங்களுக்கு சிங்களம் விளையாட்டிலேயே வந்துவிட்டது. அதை எழுதவும் வாசிக்கவும் பழகிக்கொண்டால் இந்த மாகாணத்து வாட்டுகளில் உங்களுக்கு நிகர் இல்லை. "கிறுகிறுங்குது", "தொண்டை அடைக்குது" என்று ஓர் அம்மா சொன்னால் அந்த நிமிடமே விளங்கிக்கொள்ளும் ஆள் அங்கே வேண்டும்.

வெளிநாட்டிலும் கொழும்பிலும் இருந்து இந்த மலரை வாசிக்கும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். எங்கள் மாகாணத்தில் தமிழில் உயர்தர விஞ்ஞானம் படிக்கக்கூடிய பாடசாலைகள் மிகக் குறைவு. நமது பிள்ளை ஒருத்தி தாதியாக நினைத்தால், வாரத்தில் ஒரு மணித்தியாலம் தொலைபேசியில் ஆங்கிலம் பேசிப் பழக்குங்கள். ஒரு ஒப்பந்தத்தை வாசித்துச் சொல்லுங்கள். எட்டாவது மாதத்தில் அவள் அழுது கோல் எடுத்தால் பதில் சொல்லுங்கள். அக்கா தன் பெயரை முதலாவதாகத் தந்திருக்கிறார். இரண்டாவதாக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.