நம் வாயில் புழங்கும் வார்த்தைகள்

(ஜலகண்டாபுரத்தில் நெசவாளர்களிடையே நிகழ்த்திய பேச்சு)



தறிச் சத்தம் கேட்கிற ஊரில் பேச வந்திருக்கிறோம். ஆகவே நூலிலிருந்தே ஆரம்பிப்போம். தறியில் ஓடுவதும் நூல், படிக்கிற புத்தகமும் நூல். இது தற்செயல் அல்ல. சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கிற பெண்ணாகவும் வைத்து இதற்கு விளக்கம் சொல்கிறது பவணந்தியின் நன்னூல். ஐரோப்பாவிலும் இதே கதைதான். ஆங்கிலத்தில் 'டெக்ஸ்ட்' என்கிறார்களே, அது 'நெய்தல்' என்னும் பொருள் கொண்ட லத்தீன் வார்த்தையிலிருந்து பிறந்தது. பண்டிதர்கள் தங்கள் தொழிலுக்குப் பெயர் தேடி நெசவாளி வீட்டு வாசலுக்குத்தான் வந்திருக்கிறார்கள்!

நம் கஷ்டத்தைச் சொல்லும் வார்த்தைகளோ வேறு வழியாக வந்தவை. பாக்கி, வசூல், ஜப்தி, அமீனா எல்லாம் அரபி வேர் கொண்டவை. பாரசீகம் கச்சேரி பாஷையாக இருந்த காலத்தில் நம்மிடம் வந்து சேர்ந்தவை. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து சேலம் சீமையைக் கும்பினி வாங்கிக்கொண்டது. துரை மாறினான், வசூல் மாறவில்லை, வார்த்தையும் மாறவில்லை.

அர்த்தத்தைக் கேளுங்கள். 'வசூல்' என்றால் வந்து சேருதல். யாருக்கு வந்து சேருகிறது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. 'அமீன்' என்றால் நம்பிக்கைக்கு உரியவன். வீட்டுச் சாமானை ஜப்தி செய்ய வருகிறவனுக்கு இந்தப் பெயர்! 'ஏலம்' போர்த்துக்கீசியர் கொடுத்த வார்த்தை. அவர்களுக்கு அது அரபியிலிருந்து கிடைத்தது. மூலப் பொருள், அறிவிப்பு.

'பாக்கி' என்றால் மிஞ்சி நிற்பது, நிலைத்து நிற்பது. குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிப் பட்டறைகளில் தொழிலாளி வாங்கும் முன்பணத்துக்கே 'பாக்கி' என்று பெயர். அது தீராமல் வேறு பட்டறைக்குப் போக முடியாது. பெயருக்கு ஏற்றபடி அது நிலைத்தே நிற்கிறது! கடனுக்காக ஆளைக் கட்டிவைப்பது குற்றம் என்று 1976இல் சட்டம் வந்தது. சட்டப் புத்தகத்தில் ஒழிந்தது பட்டறையிலும் ஒழிய வேண்டாமா?

அடுத்தது 'கூலி'. உழைப்புக்குக் கிடைக்கும் பலனைக் கூலி என்றார் வள்ளுவர். அதில் இழிவு ஏதும் இல்லை. வெள்ளைக்காரன் 'கூலி' என்று மனிதனையே அழைத்தான். குஜராத்தின் கோலி மக்களின் பெயரும் இதில் கலந்தது என்பார்கள். 1860இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு நேட்டாலுக்குப் போனது. அங்கே கூலி என்பது வசைச் சொல்லாயிற்று. வழக்கறிஞராகப் போன காந்தியும் 'கூலி பாரிஸ்டர்' ஆனார். சம்பளத்தின் பெயரை மனிதனுக்குச் சூட்டி, சம்பளத்தைக் குறைத்தார்கள்!

ஆனால் வார்த்தைகளை ஆள்வோர் மட்டுமா உண்டாக்கினார்கள்? இல்லை. 1768இல் லண்டன் துறைமுகத்தில் மாலுமிகள் கூலி உயர்வு கேட்டுக் கப்பல் பாய்களை இறக்கிவிட்டார்கள். பாயை இறக்குவதற்கு அவர்கள் பாஷையில் 'ஸ்ட்ரைக்'. அதுவே வேலைநிறுத்தத்துக்குப் பெயராயிற்று. 1880இல் அயர்லாந்தில் குத்தகையைக் குறைக்கச் சொன்ன விவசாயிகளை வெளியேற்ற முயன்றான் பாய்காட் என்ற ஜமீன் ஏஜெண்ட். அவனுக்கு அறுவடை செய்ய ஆளில்லை, கடையில் சாமான் கொடுக்க ஆளில்லை. அவன் பெயரே பகிஷ்காரத்துக்குப் பெயராகிவிட்டது. 'ஹர்த்தால்' நம் நாட்டுக் கடைவீதி தந்தது: கடைக்குப் பூட்டு என்று அர்த்தம்.

தோழர்களே, வார்த்தையின் பொருளை அதைப் புழங்குகிறவர்களின் பலம் தீர்மானிக்கிறது. நாம் முதலாளிக்குத் தர வேண்டியது மட்டும்தான் பாக்கி என்று இதுவரை நம்பவைத்திருக்கிறார்கள். கொடுக்காத கூலி உயர்வும் பாக்கிதான். இழுத்தடிக்கிற போனஸும் பாக்கிதான். இந்தக் கணக்கையும் எழுதி வையுங்கள். சங்கமாகச் சேர்ந்து வசூல் செய்யுங்கள்!