துலாக்கோலும் ஏட்டுச்சுவடியும்

நூல் நிலையத்துக்குள் நுழைகிறவர் முதலில் காண்பது நூல்களை அன்று, பிரிவுகளைத்தான். பௌதிகம் ஒரு புறம், ரசாயனம் ஒரு புறம், இலக்கியம் வேறொரு கூடம், சரித்திரம் அதற்கும் அப்பால். கணித ஆசிரியராக இருந்து, 1924-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன் 1933-இல் புதியதொரு நூற்பகுப்பு முறையை வெளியிட்டார். அம்முறையில் ரசாயனத்துக்கு ஆங்கில அரிச்சுவடியின் 'ஈ' என்னும் எழுத்து, சரித்திரத்துக்கு 'வீ'. இரண்டுக்கும் இடையே அலமாரிகள் பல. ஆயினும் ஒரு பொருளின் பல கூறுகளையும் ஒன்றோடொன்று இணைத்துக் காட்ட ரங்கநாதன் முக்காற்புள்ளியை இடையே வைத்தார். பிரிப்பது போலவே இணைப்பதும் அறிவின் வேலை என்பதை அந்தச் சிறு குறி நமக்கு உணர்த்துகிறது.

மனிதரைப் பற்றிய கல்வியும் இயற்கையைப் பற்றிய கல்வியும் சந்திக்கும் இடத்தில் எழுந்த நூல்கள் சில நம் நாட்டில் உண்டு. அவற்றுள் இருவருடைய நூல்களை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம். ஒருவர் ரசாயன அறிஞர் பிரபுல்ல சந்திர ராய். மற்றவர் கணித அறிஞர் தாமோதர் தர்மானந்த கோசாம்பி. இருவரும் விஞ்ஞானிகள், இருவரும் சரித்திரம் எழுதினார்கள். அவர்கள் ஏன் எழுதினார்கள், எப்படி எழுதினார்கள், அதனால் நாம் அடைந்தது என்ன என்பவையே நம் கேள்விகள்.

பிரபுல்ல சந்திரர் 1861-இல் இன்றைய வங்காள தேசத்தின் குல்னாப் பகுதியில் பிறந்தார். எடின்பரோவில் ரசாயனம் பயின்று 1887-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கே மாணவராயிருந்தபோதே, சிப்பாய்க் கலகத்துக்கு முன்னும் பின்னும் இந்தியா எப்படி இருந்தது என்பது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சோதனைக் குழாயைப் பிடித்த கை சரித்திரத்தையும் மறக்கவில்லை. 1889-இல் கல்கத்தா மாகாணக் கல்லூரியில் ஆசிரியரானார். 1896-இல் மெர்க்குரஸ் நைட்ரைட் என்னும் பாதரசச் சேர்மத்தைத் தயாரித்து விஞ்ஞான உலகில் பெயர் பெற்றார்.

அக்காலத்தில் பிரான்ஸ் நாட்டில் பெர்த்தலோ என்னும் பெரும் ரசாயன அறிஞர் வாழ்ந்தார். கிரேக்கர், அரபியர் முதலியோரின் ரசவாத நூல்களை ஆராய்ந்தவர் அவர். ராய் வடமொழி ரச நூல் ஒன்றைப் பற்றி எழுதி அவருக்கு அனுப்பினார். பெர்த்தலோ அதனைப் பாராட்டி 1898-இல் ஒரு மதிப்புரை எழுதியதோடு, தம்முடைய நூல்களையும் அனுப்பி வைத்தார். அந்த ஊக்கத்தின் பயனாக 1902-இல் ராயின் 'ஹிந்து ரசாயன சரித்திரம்' முதற் பாகமும், 1909-இல் இரண்டாம் பாகமும் வெளிவந்தன.

வடமொழிப் பண்டிதர் ஒருவரே இந்நூலை எழுதியிருக்கலாகாதா என்று ஒருவர் கேட்கலாம். அதற்கு ஓர் உதாரணமே விடையாகும். ரசரத்ன சமுச்சயம் என்னும் நூல் கத்தரிக்காய் வடிவான ஒரு மண் மூசையைப் பற்றிப் பேசுகிறது. அதன் வாயில் ஊமத்தம் பூப்போல் விரிந்த ஒரு குழலைப் பொருத்த வேண்டும். 'ரசகம்' என்னும் கனிப்பொருளை மஞ்சள், கடுக்காய், பிசின், உப்பு முதலியவற்றோடு அரைத்து உள்ளே பூசி, உலர்த்தி, உலையில் வைத்துக் கடுமையாகச் சூடேற்ற வேண்டும். எழும் சுவாலை நீல நிறத்திலிருந்து வெண்மையாக மாறும் தருணத்தில், வெள்ளீயம் போல் மின்னும் சத்து வந்து சேரும் என்கிறது அந்நூல். மற்றொரு முறையில் அச்சத்து கீழே வைத்த நீர்ப்பாத்திரத்துள் விழுகிறது.

இலக்கணம் மட்டும் அறிந்தவருக்கு இது ஒரு மந்திர வித்தையாகத் தோன்றும்; அல்லது கவியின் கற்பனையாகத் தோன்றும். ரசாயனம் அறிந்தவருக்கோ ஒவ்வொரு சொல்லும் விளங்கும். ரசகம் என்பது துத்தநாகக் கனிப்பொருள். மஞ்சளும் பிசினும் எரிந்து கரியாகி, அக்கனிப்பொருளிலுள்ள பிராணவாயுவைப் பிரித்தெடுக்கின்றன. நீலச் சுவாலை கரி வாயு எரிவதால் உண்டாவது. வெண் சுவாலை துத்தநாக ஆவி வெளிப்படத் தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளம். துத்தநாகத்துக்கு ஒரு தொல்லையான இயல்பு உண்டு. 907 டிகிரி சென்டிகிரேடில் அது கொதித்து ஆவியாகிவிடும். கனிப்பொருளிலிருந்து அதைப் பிரிப்பதற்கு வேண்டிய வெப்பமோ அதைவிட அதிகம். ஆகவே பிரிந்த உலோகம் புகையாகவே பிறக்கிறது. காற்றுப் பட்டால் எரிந்து சாம்பலாகிறது. அதைக் காற்றுப் படாமல் கீழ்நோக்கிச் செலுத்திக் குளிர வைத்தாலன்றிக் கையில் கிடைக்காது. மூசையின் வடிவத்துக்கும் குழலுக்கும் நீர்ப்பாத்திரத்துக்கும் காரணம் இதுவே.

ஏட்டில் எழுதியதெல்லாம் நடந்ததுதானா என்ற ஐயம் அப்பொழுதும் எஞ்சியிருக்கலாம். ராய் 1944-இல் காலமானார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1983-இல், ராஜஸ்தானத்தில் உதயப்பூருக்குத் தெற்கேயுள்ள ஜாவர் என்னும் இடத்தில் அகழ்வாராய்ச்சியாளர்கள் பழைய உலைகளைக் கண்டெடுத்தார்கள். ஓர் உலைக்கு 36 மண் மூசைகள். ஒவ்வொன்றும் கத்தரிக்காய் வடிவம். வாய்கள் கீழ்நோக்கித் துளைத் தட்டில் பொருந்தியிருந்தன. அடியில் ஆவி குளிர்வதற்கான அறை. சுற்றிலும் பயன்படுத்தி எறிந்த மூசைகள் குன்று குன்றாகக் கிடந்தன. ஐரோப்பாவில் பிரிஸ்டல் நகரத்து வில்லியம் சாம்பியன் துத்தநாகத்தை வாலை வடிக்கும் முறைக்கு உரிமை பெற்றது 1738-இல். ஜாவரின் உலைகள் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. சுவடி சொன்னதற்கு மண் சாட்சி கூறியது.

பெருமைப்படத்தக்க செய்திதான். ஆனால் ராய் தம் நூலைப் பெருமையோடு முடித்துவிடவில்லை. இத்தனை அறிந்த நாட்டில் விஞ்ஞான உணர்ச்சி ஏன் வாடிப் போயிற்று என்று அவர் கேட்டார். அக்கேள்விதான் அந்நூலின் உயிர். உலைக்கூடத்தில் நின்றவர்களைத் தாழ்ந்த சாதியார் என்று ஒதுக்கி வைத்தோம். படித்தவர்கள் கையால் செய்யும் தொழிலைத் தீண்டாமல் விலகினார்கள். தந்தையின் தொழிலை மகன் செய்தான், திறமை நிலைத்தது. ஆனால் 'ஏன்', 'எப்படி' என்று கேட்கும் அறிவு தொழிலைவிட்டு அகன்றுவிட்டது. பிணத்தை அறுத்துப் பார்த்தே உடலின் அமைப்பைக் கற்க வேண்டும் என்று சுசுருதர் விதித்தார். பிணத்தைத் தொடுவதே தீட்டு என்று தர்ம சாஸ்திரம் விதித்தது. இரண்டாவது விதி வென்றது. முதலாவது விதி ஏட்டில் தங்கியது. இவ்வாறு ராய் தம் வாதத்தை அமைத்தார். ஜாவரின் மூசைகளை வனைந்த கைகளுக்கு உரியவர் யார்? அவர்கள் பெயர் ஒன்றையும் எந்த ஏடும் நமக்குச் சொல்லவில்லை. ராயின் குற்றச்சாட்டுக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

இனி கோசாம்பியிடம் வருவோம். அவர் 1907-இல் கோவாவில் பிறந்தார். தந்தையார் தர்மானந்த கோசாம்பி பௌத்த நூல்களில் பேரறிஞர். மகன் அமெரிக்காவில் ஹார்வர்டில் பயின்று 1929-இல் பட்டம் பெற்றார். காசி, அலிகார், புணே ஆகிய இடங்களில் கணிதம் கற்பித்தார். பின்னர் பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். பரம்பரை இயலில் மரபணுக்களுக்கு இடையேயுள்ள தூரத்தைக் கணிக்க அவர் 1944-இல் தந்த சூத்திரம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அதே மனிதர் பர்த்ருஹரியின் சுபாஷிதங்களுக்கு நூற்றுக்கணக்கான சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் வகுத்து, 1948-இல் பதிப்பித்தார்.

சரித்திரத்துக்குள் அவர் நுழைந்த வாயில் பழைய நாணயம். தட்சசீலத்தில் முத்திரை குத்திய வெள்ளி நாணயங்கள் புதையலாகக் கிடைத்திருந்தன. அவற்றில் அரசன் பெயர் இல்லை, ஆண்டு இல்லை. சூரியன், மலை, யானை போன்ற குறிகள் மட்டுமே உண்டு. எது முந்தியது, எது பிந்தியது? கோசாம்பி துலாக்கோலை எடுத்தார். நாணயம் கைமாறக் கைமாறத் தேய்கிறது, எடை குறைகிறது. ஒரே காலத்தில் அச்சிட்டவையாயினும் ஒன்று அதிகம் புழங்கும், மற்றொன்று பெட்டியில் உறங்கும். ஆகவே காலம் செல்லச் செல்ல அவற்றின் எடைகளுக்குள் வேறுபாடும் கூடும். தம் காலத்தில் புழங்கிய நாணயங்களை ஆயிரக்கணக்கில் நிறுத்துப் பார்த்து இந்த விதியை உறுதி செய்துகொண்டார். பிறகு பழைய நாணயங்களை நிறுத்தார். பின்புறத்தில் சிறு குறிகள் எத்தனைக்கெத்தனை அதிகமோ அத்தனைக்கத்தனை சராசரி எடை குறைந்திருந்தது. அக்குறிகள் ஒரே நாளில் குத்தியவை அல்ல, நாணயம் புழங்கிய காலத்தில் அவ்வப்போது சோதித்து இட்டவை என்று அவர் முடிவு செய்தார். பெயரற்ற வெள்ளித் துண்டுகள் தங்கள் வயதைச் சொல்லத் தொடங்கின.

நாணயத்தை ஆராய்ந்தவருக்கு அதைப் புழக்கத்தில் விட்ட சமூகத்தை அறியும் ஆவல் எழுந்தது இயல்பே. 1956-இல் 'இந்திய சரித்திர ஆராய்ச்சிக்கு ஓர் அறிமுகம்' வெளிவந்தது. 1962-இல் 'புராணமும் உண்மையும்'. 1965-இல் பண்டைய இந்தியாவின் பண்பாட்டையும் நாகரிகத்தையும் பற்றிய நூல். மறு ஆண்டு, 1966-இல், அவர் காலமானார். இந்நூல்களுக்கு வேண்டிய சான்றுகளை அவர் நூலகத்தில் மட்டும் தேடவில்லை; புணேயைச் சுற்றியுள்ள மேடுகளில் நடந்து தேடினார். நுண்கற்கருவிகள் கிடந்த தடங்களும், நாற்சந்தியில் செந்தூரம் பூசிய தாய்த் தெய்வங்கள் நின்ற இடங்களும், பௌத்தக் குகைகளுக்குச் சென்ற வணிகப் பாதைகளும் பல இடங்களில் அடுத்தடுத்து அமைந்திருந்ததை அவர் கண்டார். கார்லேக் குகையின் வாயிலில் இன்றும் ஏகவீரா தேவியைக் கோலி மக்கள் வணங்குகிறார்கள். உள்ளே தூண்களில் வணிகர்களும் யவனர்களும் அளித்த கொடைகளைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. மந்தை மேய்க்கிறவன் காட்டும் வழியும், மூதாட்டி கூறும் தெய்வக் கதையும், கல்வெட்டும், கல்லாயுதமும் ஒரே வரலாற்றின் பக்கங்கள் என்று அவர் கொண்டார்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஒரு துறையில் வல்லவர் மற்றொரு துறையில் புகுந்தால் அவர் சொன்னதெல்லாம் சரியாகிவிடாது. ராய் சில ரச நூல்களுக்குக் குறித்த காலத்தைப் பின்வந்தோர் ஏற்கவில்லை. அவருடைய மாணவர் பிரியதாரஞ்சன் ராயே பழைய நூலைத் திருத்தியும் சேர்த்தும் 1956-இல் புதிய வடிவில் பதிப்பித்தார். கோசாம்பி மார்க்ஸின் கருத்துகளைத் துணைக்கொண்டவர். எனினும் ஐரோப்பாவின் சமூகப் படிநிலைகளை அப்படியே இந்தியாவுக்குப் பொருத்த மறுத்தவர். அவருடைய முடிவுகள் பலவற்றோடு வாதிடும் அறிஞர்கள் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். நாணயக் குறிகளை இன்ன அரசனுடையவை என்று அவர் கூறியதும் விவாதத்துக்குரியதே.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவர்களை மறுக்க விரும்புகிறவர் வெறும் சொல்லால் மறுக்க இயலாது. நாணயத்தை மீண்டும் நிறுத்துப் பார்க்க வேண்டும். சுவடியை மீண்டும் ஒப்பிட வேண்டும். உலையை மீண்டும் மூட்ட வேண்டும். எவ்வாறு சோதித்தோம் என்பதையும் நூலிலேயே சொல்லிவிட்டால், தவறு நேர்ந்தபோதும் அந்நூல் பயன்படுகிறது. எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே என்று பறைசாற்றும் நூலும், முன்னோர் ஒன்றும் அறியார் என்று இகழும் நூலும் இந்தச் சோதனைக்கு உடன்படுவதில்லை. அவை இரண்டும் ஒரே குற்றத்தைச் செய்கின்றன. நிறுக்காமலே விலை சொல்கின்றன.

நம் பள்ளிகளில் பதினைந்து, பதினாறு வயதிலேயே ஒரு மாணவன் விஞ்ஞானப் பக்கம் என்றும் மற்றொருவன் கலைப் பக்கம் என்றும் பிரிந்துவிடுகிறார்கள். பிறகு இருவரும் ஒருவர் நூலை ஒருவர் தொடுவதில்லை. கையையும் மூளையையும் பிரித்ததால் நேர்ந்த கேட்டை ராய் எடுத்துக் காட்டினார். மூளையையே இரண்டாகப் பிரிப்பதால் நேரும் கேட்டை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். சித்த மருத்துவச் சுவடியைப் படிக்கும் தமிழ் மாணவனுக்கு ரசாயனம் தெரியாவிட்டால் அவன் சொல்லைப் படிப்பான், பொருளைக் காணமாட்டான். ரசாயனம் கற்கும் மாணவனுக்குச் சுவடியின் மொழி தெரியாவிட்டால், தன் ஊரிலேயே இருக்கும் பல நூற்றாண்டுச் சோதனைகளை அறியாமலே போவான்.

ஆகவே பெற்றோரும் ஆசிரியரும் ஒன்று செய்யலாம். சரித்திரம் விரும்பும் பிள்ளையின் கையில் ராயின் நூலைப் பற்றிய செய்தியையும், கணிதம் விரும்பும் பிள்ளையின் கையில் கோசாம்பியின் நூல் ஒன்றையும் கொடுக்கலாம். முழுதும் விளங்காமற் போகலாம், அதனால் குற்றமில்லை. ஒரு பழைய காசை எடுத்து அதன் எடை என்ன என்று அப்பிள்ளை கேட்கத் தொடங்கினால், அந்நூல்கள் எழுதப்பட்டதன் பயன் நிறைவேறியதாகவே கொள்ளலாம்.