விட்டத்தில் தொடங்கிய வீடு

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கவிதையைத் தொழிலாகக் கொண்டு வாழ்பவர் இவ்வவையில் அரியர். பகல் முழுதும் அலுவலகத்திலும் வகுப்பறையிலும் அடுப்படியிலும் கழிந்தபின், இரவில் எஞ்சும் ஒரு மணி நேரத்தில் எழுதுவோரே மிகுதி. ஆகவே ஆசையால் படம் வரையத் தொடங்கிய ஒரு பெண்மணியைப் பற்றி இங்கே பேசுவது பொருத்தமாகும். அவர் கனடா நாட்டுச் சித்திரக்காரரான லின் ஜான்ஸ்டன். நாளேட்டின் ஒரு மூலையில், மூன்று நான்கு கட்டங்களுக்குள், ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்வை ஏறத்தாழ முப்பதாண்டுகள் வரைந்தவர். வீட்டைப் பாடுபொருளாகக் கொள்ளும் கவிஞர் எவர்க்கும் எழக்கூடிய வினா அவர்க்கும் எழுந்தது. தன் வீட்டார் வாழ்விலிருந்து ஒரு படைப்பாளர் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம்? எடுத்ததற்கு ஈடாக அவர்களுக்கு என்ன தருவது?

1947ஆம் ஆண்டு ஒன்டாரியோ மாகாணத்துக் காலிங்வுட் என்னும் ஊரில் பிறந்த லின், நாட்டின் மேற்குக் கரையிலுள்ள வடக்கு வான்கூவரில் வளர்ந்தார். தந்தை நகைத்தொழில் அறிந்தவர். தாய் சித்திரமும் எழுத்தணிக் கலையும் தாமே பயின்றவர். வான்கூவர் ஓவியப் பள்ளியில் படித்த லின், பின்னர் ஹாமில்டன் நகருக்குக் குடிபெயர்ந்து, மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் படங்கள் வரையும் பணியில் அமர்ந்தார். உடலின் உறுப்புகளைப் பிழையின்றி வரைவது அவர் தொழில். கேலிச்சித்திரம் வரைவது அவர் ஆசை.

1970களின் தொடக்கத்தில் அவர் முதற்குழந்தையைச் சுமந்திருந்தார். வேலையின்றிக் கிடப்பதை 'விட்டத்தைப் பார்த்துக் கிடப்பது' என்று தமிழ் வீடுகளில் சொல்வதுண்டு. மருத்துவரின் பரிசோதனைக் கட்டிலில் மல்லாந்து கிடந்த அவர்க்கும் அதுவே வாய்த்தது. அண்ணாந்தால் வெறுங்கூரை. பார்ப்பதற்கு ஒன்றுமில்லையே என்று அவர் குறைபட்டுக்கொள்ள, மருத்துவர் மரி என்கின், அப்படியானால் நீங்களே ஏதாவது வரைந்து தாருங்கள் என்றார். கருவுற்ற பெண்ணின் களைப்பும் அச்சமும் அசட்டுத்தனமும் எண்பது படங்களாகி அந்தக் கூரையில் ஏறின. அந்தக் கட்டிலில் அடுத்தடுத்துப் படுத்த பெண்களே அவருடைய முதல் வாசகர்கள். விருதையோ விலையையோ எண்ணி வரையப்பட்டவை அல்ல அப்படங்கள். அதே நிலையில் கிடக்கும் இன்னொருத்தி சிரிக்கட்டும் என்பதே அவற்றின் நோக்கம்.

அப்படங்கள் நூலாயின; மேலும் இரு நூல்கள் தொடர்ந்தன. இதற்கிடையே முதல் மணவாழ்வு முறிந்தது. கைக்குழந்தையோடு தனித்து நின்றவர், பின்னர்ப் பல்மருத்துவம் பயின்ற ஒருவரை மணந்து, வடக்கு மனிடோபாவில் லின் லேக் என்னும் சிற்றூருக்குச் சென்றார். நூல்களைக் கண்ட நாளேட்டுச் சித்திர நிறுவனம் ஒன்று, நாள்தோறும் வெளிவரத்தக்க தொடர் ஒன்றை அவரிடம் கேட்டது. மாதிரி வரைய அமர்ந்தவர், தாம் நன்கறிந்த வீடாகிய தம் வீட்டையே வரைந்து அனுப்பினார். 1979 செப்டம்பர் 9ஆம் நாள் 'ஃபார் பெட்டர் ஆர் ஃபார் வொர்ஸ்' என்னும் அத்தொடர் தொடங்கிற்று. நன்மை வரினும் தீமை வரினும் பிரியோம் என்று பொருள்தரும் திருமண உறுதிமொழியிலிருந்து எடுத்த தலைப்பு அது. உச்சநிலையில் 2000க்கும் மேற்பட்ட நாளேடுகள் அதனை வெளியிட்டன. அமெரிக்கச் சித்திரக்காரர் சங்கத்தின் ரூபன் விருதை, 1985ஆம் ஆண்டுக்கு, பெண்களுள் முதல்வராகப் பெற்றார்.

தொடரில் வருவது பேட்டர்சன் குடும்பம். தாய் எல்லி, பல்மருத்துவரான தந்தை ஜான், மகன் மைக்கேல், மகள் எலிசபெத், ஃபார்லி என்னும் சடைநாய். கழுவாத பாத்திரம், இணை தொலைந்த காலுறை, வண்டியின் பின்னிருக்கையில் பிள்ளைகளின் சண்டை, இவையே கதை. இத்தகைய சிறு நிகழ்ச்சிகள் கலையாகுமா என்று ஐயுறுவோர் குறுந்தொகையின் 167ஆம் பாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். புதுமணப்பெண் ஒருத்தி தயிரைக் கையால் பிசைகிறாள். விரலை உடையிலேயே துடைக்கிறாள். கண்ணில் தாளிப்புப் புகை படிகிறது. தான் சமைத்ததைக் கணவன் சுவைத்துப் பாராட்ட, அவள் முகம் மலர்கிறது. கண்டுவந்த செவிலி, பெற்ற தாய்க்கு இதனைச் சொல்கிறாள். கூடலூர் கிழார் எழுதியது நான்கு கட்டச் சித்திரமே எனலாம். இறுதிக் கட்டத்தில் மனைவிக்குப் பேச்சில்லை. மெல்ல மலரும் முகம் மட்டுமே உண்டு. கேலிச்சித்திரக்காரரும் இறுதிக் கட்டத்தை முகத்திடமே ஒப்படைப்பது வழக்கம்.

அப்பாட்டில் பெண்ணுக்குப் பெயரில்லை. அகத்திணையில் தலைமக்களின் பெயரைச் சுட்டலாகாது என்பது தமிழ் மரபு. அந்தரங்கத்தைப் பாடுவோர் அந்தரங்கத்துக்கு உரியவர்க்குத் தரும் காப்பு அது. லின் ஜான்ஸ்டன் இம்மரபை அறிந்தவர் அல்லர். ஆயினும் அதன் தேவையை ஓரளவு உணர்ந்திருந்தார். கணவர், மகன், மகள் மூவருக்கும் அவரவருடைய நடுப்பெயரையே தொடரில் சூட்டினார். பாதி வெளிப்படை, பாதி மறைவு. தம்மை மட்டும் அவர் அவ்வளவாகக் காத்துக்கொள்ளவில்லை. எல்லிக்கு மூக்கு பெரிது, பொறுமை சிறிது. கோபத்தில் கத்துபவளும் பிறகு குற்றவுணர்வில் குமைபவளும் அவளே. பிறரைப் பார்த்துச் சிரிக்கும் உரிமைக்குத் தம்மைப் பார்த்துச் சிரிக்கவைத்து அவர் விலை தந்தார்.

அவர் தந்த இன்னொரு ஈடு காலம். சித்திரத் தொடர்களில் காலம் பெரும்பாலும் உறைந்தே நிற்கும். சார்லஸ் ஷுல்ஸ் வரைந்த 'பீனட்ஸ்' தொடரின் பிள்ளைகள், 1950 முதல் 2000 வரை பிள்ளைகளாகவே இருந்தனர். 1921இல் வாசலில் விடப்பட்ட குழந்தையாக வந்து, ஆண்டுதோறும் வளர்ந்த பாத்திரத்தைக் கொண்ட 'கேசலின் ஆலி' அரிய விதிவிலக்கு. லின் அந்த அரிய வழியை மேற்கொண்டார். மைக்கேல் வளர்ந்தான், மணந்தான், தந்தையானான். வளர்ச்சியை ஏற்றுக்கொண்ட சித்திரத்தில் மூப்புக்கும் இடம் தரவேண்டியதாயிற்று.

1995 ஏப்ரலில் அக்கடன் வந்து நின்றது. நாய் ஃபார்லிக்கு வயதாகிவிட்டது. அது கொல்லப்படுமாயின் தம் ஸ்னூப்பியை லாரியில் அடிபடச் செய்வதாக ஷுல்ஸ் வேடிக்கையாக எச்சரித்ததை லின் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். எனினும் முடிவை அவர் மாற்றவில்லை. பெருக்கெடுத்த ஆற்றில் விழுந்த கடைக்குட்டி ஏப்ரலைக் காத்துவிட்டு, ஃபார்லி உயிர் நீத்தது. ஆயிரக்கணக்கான கடிதங்கள் வந்தன. தம் வீட்டு நாய் இறந்ததுபோல் அழுதவரும் உண்டு. சிரிக்கும் பக்கத்தில் சாவு எதற்கு என்று சினந்தவரும் உண்டு. காலத்தை மறைத்து வரைந்திருந்தால் அந்தக் கண்ணீரும் இராது. பதினைந்தாண்டுச் சிரிப்புக்கு அத்தனை ஆழமும் இராது.

1993இல் அவர் இன்னும் கடினமான ஒன்றைத் துணிந்தார். மைக்கேலின் இளமைத் தோழன் லாரன்ஸ், தான் ஆண்களையே விரும்பும் இயல்பினன் என்று பெற்றோரிடம் கூறுகிறான், வீட்டைவிட்டு வெளியேற்றப்படுகிறான், பின் அழைத்துக்கொள்ளப்படுகிறான். நாளேடுகள் பல அப்பகுதியை வெளியிட மறுத்தன. சில தொடரையே நிறுத்தின. 1994இல் புலிட்சர் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் அவர் இடம்பெற்றது அப்பகுதிக்காகவே. அன்றாடம் என்பது எளியவற்றின் தொகுப்பு மட்டும் அன்று. சாப்பாட்டு மேசைக்கருகில் பல்லாண்டுகள் சொல்லப்படாமல் நிற்கும் சொல்லும் அதில் அடங்கும்.

ஏப்ரல் என்ற கடைக்குட்டியின் பிறப்பு தனிக்கதை. லின்னுக்கு மூன்றாவதாக ஒரு குழந்தை வேண்டும் என்ற ஏக்கம் இருந்தது. வாழ்வில் அது வாய்க்கவில்லை. 1991இல் தாளில் பிறந்தது. வீட்டிலிருந்து எடுத்து வரைந்தவர், வீட்டில் இல்லாததையும் வரைந்துகொண்டார். அந்த இடைவெளி பின்னர் அகன்றது. 2007இல் அவருடைய நெடுங்கால மணவாழ்வு பிரிவில் முடிந்தது. தாளிலோ எல்லியும் ஜானும் பிரியவில்லை. 2008 ஆகஸ்ட் இறுதியில் எலிசபெத்தின் திருமணத்தோடு கதை நிறைவெய்தியது. அடுத்த நாளே லின் தொடக்கத்துக்குத் திரும்பி, பிள்ளைகள் சிறியவராயிருந்த பழைய வீட்டைப் புதுப்படங்கள் கலந்து மீண்டும் சொல்லலானார். 2010 முதல் பழைய படங்களே மறுபதிப்பாக வரலாயின.

உண்மை வீடு கலைந்தபோது வரைந்த வீட்டைக் கலைக்காதிருந்தது பொய்யாகுமா? அவ்வாறு தீர்ப்பளிப்பது எளிது. ஆனால் பேட்டர்சன் குடும்பம் அதற்குள் அவருடையது மட்டுமாக இல்லை. எத்தனையோ வீடுகளில் காலைக் காப்பியோடு அது படிக்கப்பட்டு வந்தது. தம் துயருக்கு அவர்கள் வீட்டை வடிகாலாக்காமல் நிறுத்திக்கொண்டதும், தம்மவர் பிரிவைக் கட்டங்களுக்குள் காட்சியாக்காமல் விட்டதும் ஒருவகை அறமே. எடுத்துக்கொள்வதற்கு ஓர் எல்லை உண்டு என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

கவிஞர் பெருமக்களே, மனைவியின் மௌனத்தையும் மகனின் காய்ச்சலையும் தாயின் மறதியையும் எழுதுவோர் இவ்வவையில் இருக்கிறீர்கள். எழுதுங்கள். எழுதியபின் அவர்களுக்கே முதலில் படித்துக் காட்டுங்கள். அவர்கள் முகம் கேட்கும்போது சுருங்குமாயின், அந்த வரி எத்துணை அழகியதாயினும் ஒருநாள் பொறுத்திருக்கட்டும். வெறுங்கூரையைப் பார்த்துக் கிடந்த பெண்ணொருத்தி, தனக்குப்பின் அங்கே வந்து படுப்பவளுக்காக வரைந்தாள். அடுத்து வந்து படுப்பவர்க்கு ஏதேனும் ஒட்டிவிட்டுச் செல்லும் அப்பணியை இவ்வட்டம் இன்னும் பல பத்தாண்டுகள் செய்க.